ஃபைலை ஒட்டியது யார்?

கேள்வி: நான் இன்டீரியர் டிசைன், ஆர்க்கிடெக்சர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன். கட்டடம் கட்டக் கற்றுக்கொள்ள வந்த எனக்கு இந்த செமஸ்டரில் டெக்ஸ்டைல்ஸ் பேப்பர் வைத்திருக்கிறார்கள். நூல், நெசவு, சாயம் என்று நேரம் வீணாகிறது. துணி மாதிரி ஃபைலைக்கூட அம்மாதான் ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அவர் வீட்டில் பீஸ் ரேட்டுக்கு பிளவுஸ், நைட்டி தைப்பவர். இந்தப் பேப்பரில் பாஸ் மார்க் மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு டிசைன் சாஃப்ட்வேர் கோர்ஸில் சேரலாமா?
- மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி, கோர்ஸை அப்புறம் பார்க்கலாம். பகலெல்லாம் மிஷினை மிதித்த அம்மா, ராத்திரியும் உட்கார்ந்து உன் பாடத்தைச் செய்திருக்கிறார். அதை நீ போகிற போக்கில் எழுதிவிட்டாய். எனக்கு உன் கடிதத்தில் அந்த வரிதான் கண்ணில் படுகிறது. வளர்ந்த பிள்ளை தன் வேலையைத் தாயின் தூக்கத்தைக் கெடுத்துச் செய்துகொள்வது தப்பு. அதற்கு எந்தச் சமாதானமும் நான் ஏற்க மாட்டேன்.

அந்த ராத்திரி நீ பக்கத்தில் உட்காராதது இன்னும் பெரிய தப்பு. உன் பேப்பருக்கான ஆசிரியர் அங்கேதான் இருந்தார்.

பருத்தித் துணியை வெட்டுமுன் அம்மா ஏன் நனைத்துக் காயவைக்கிறார் என்று என்றைக்காவது கேட்டாயா? தறியில் இழுத்துப் பிடித்து நெய்த நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும். அது தெரியாமல் தரைவரை அளந்து வெட்டிய திரை, முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். வீட்டுக்காரர் உன்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது துணி இருந்தால்தான் மடிப்பு நன்றாக விழும். பெரிய பூப்போட்ட துணி என்றால், பூவோடு பூ சேர இன்னும் கூடுதலாக வாங்க வேண்டும். வெல்வெட்டில் ஒரு பீஸைத் தலைகீழாக வெட்டிவிட்டால் அது மட்டும் வேறு நிறம் போலத் தெரியும். சோபா ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங் பட்டியை கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டினால்தான் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். பிளவுஸ் கழுத்துக்குப் பட்டி வைக்கும்போது உன் அம்மா தினமும் செய்வது அதுதான். நெருப்பு என்று வந்தால் பருத்தி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சொட்டும். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரே ஒரு திரை இருக்கிற வீடுகள் உங்கள் பக்கத்தில் எத்தனை! அங்கே எந்தத் துணியைத் தொங்கவிடுவாய்?

கட்டடத்துக்கு வருவோம். கோட்ஃபிரீட் செம்பர் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர், சுவரின் தொடக்கமே பின்னித் தொங்கவிட்ட பாய்தான் என்று 1851-லேயே எழுதினார். அதோடு நீ வாதாடலாம். ஜெத்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தோடு வாதாட முடியாது. 1981-ல் திறந்த அந்த முனையத்தின் கூரை, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி. துணிக்கூரை இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். துணி, பாவின் (நீளவாட்டு நூல்) போக்கில் ஒரு அளவும் ஊடையின் (குறுக்கு நூல்) போக்கில் வேறு அளவும் நீளும். தட்டைத் துணியை வளைந்த கூரையாக்க, பீஸ் பீஸாக வெட்டி இணைக்க வேண்டும். அந்தக் கோடுகளை சாஃப்ட்வேர் போட்டுத் தரும். எங்கே சுருக்கம் விழும் என்பது, பிளவுஸுக்கு டாட் பிடித்த (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைத்த) கைக்கு முன்கூட்டியே தெரியும்.

நீ குடியிருக்கும் பேட்டையே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்களால் உண்டானது. கொஞ்சம் வடக்கே திருவொற்றியூரில் இருக்கும் காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கம்பெனியின் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். ஒரு தொழிலுக்காக ஊர் எழும்பிய கதை, உனக்குப் பஸ் தூரத்தில் கிடக்கிறது.

அந்த ஃபைலைப் பிரித்துப் போட்டு நீயே மறுபடி செய். அம்மாவின் வெட்டுத் துண்டுகள் போதும், போதாவிட்டால் எம்.சி. ரோட்டில் கட் பீஸ் வாங்கு. ஒவ்வொரு துண்டிலும் பாவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடு. நனைக்கும் முன்னும் பின்னும் அளந்து எழுது. இரண்டு நூலை உருவி, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எரித்துப் பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹூக் கட்டுவதையும் ஹெம்மிங்கையும் நீ வாங்கிக்கொள். கை ஓடும்போதே சந்தேகங்களைக் கேள், அவர் சொல்லுவார்.

கோர்ஸுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நீ எழுதவில்லை. அதுவும் அந்த மிஷினிலிருந்துதான் என்றால், இந்த ஃபைலை முடிக்கும்வரை அதில் சேராதே.