தீவைப் பிடித்த படங்கள்: கேமரா எங்கே நின்றது?

வணக்கம்.

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தில் இரண்டாம் உலகப் போர் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைக்கிறோம். பசிபிக் தீவுச் சண்டைகளுக்காக ‘இவோ ஜிமா’ என்று தேடி நாற்பது படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். சில சந்தேகங்கள். ஆறு பேர் கொடி நடும் அந்தப் புகழ்பெற்ற படம் செட்டப் என்று சக ஆசிரியர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? பெரும்பாலான படங்களில் வீரர்களின் முதுகுதான் தெரிகிறது, எதிரி எங்குமே இல்லை. ஏன்? தங்க நிற மணலில் வீரர்கள் இறங்கும் ஒரு கலர் படமும் கிடைத்தது, மிகத் தெளிவாக இருக்கிறது. அதை நுழைவாயிலில் பெரிதாக வைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் கலர் படத்தை வைக்காதீர்கள். இவோ ஜிமா எரிமலைத் தீவு. 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க மரைன்கள் (கடல்வழி இறங்கித் தாக்கும் படையினர்) இறங்கிய கரை முழுக்கக் கரிய எரிமலைச் சாம்பல். அங்கே தங்க மணல் கிடையாது. ஒன்று, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ பின்னாளில் வண்ணம் பூசியிருக்கிறார்கள். கடற்கரை என்றால் மஞ்சள் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடும். அல்லது அது வேறு தீவின் படமாக இருக்கும்.

வேறு தீவா என்று பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. இவோ ஜிமா கரைப் படங்களில் சாம்பல் படிப்படியாக மேடு கட்டி நிற்கும். சில இடங்களில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல். தென்கோடியில் சுரிபாச்சி மலை, 169 மீட்டர், தனியாக எழுந்து நிற்பதும் பல படங்களில் தெரியும். கரையோரம் தென்னை இருக்காது. வெளிறிய பவள மணல், தென்னங்கட்டைகளை அடுக்கிய தடுப்புச் சுவர், நீண்ட மரப் படகுத்துறை என்று தெரிந்தால் பசிபிக்கின் இன்னொரு சண்டைக்களமான தராவாவை நினையுங்கள் (1943 நவம்பர்). இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து வருகிறார்கள் என்றாலும் தராவாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே அலையேற்றம் குறைவாக இருந்ததால் படகுகள் பவளப்பாறையைத் தாண்ட முடியவில்லை. வீரர்கள் அரை கிலோமீட்டர் அளவுக்குத் தண்ணீரிலேயே நடந்து வந்தார்கள். கரும்புத் தோட்டமும் பொதுமக்களும் தெரிந்தால் சைப்பான் தீவாக இருக்கலாம் (1944 ஜூன்). இணையத்தில் இந்த மூன்றும் ஒரே தலைப்பில் கலந்து கிடக்கின்றன. உங்கள் நாற்பதில் ஐந்தாறு படங்களாவது இவோ ஜிமாவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி முதுகு. போர்ப்படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, எடுத்தவர் எங்கே நின்றார் என்பதுதான். எதிரி முன்னால், வீரர்கள் அவனை நோக்கி, போட்டோகிராஃபர் அவர்களுக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் குப்புறப் படுத்து. அப்படி எடுத்தால் முதுகும் ஹெல்மெட்டும் பூட்ஸின் அடியும்தான் கிடைக்கும். வீரர்கள் நேர் எதிரே முகம் காட்டிப் பாய்ந்து வருகிறார்கள், கேமரா நெஞ்சு உயரத்தில் ஆடாமல் நிற்கிறது என்றால், எடுத்தவர் எதிரிக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றிருக்கிறார் என்று பொருள். அது பயிற்சி முகாமாக இருக்கும், அல்லது சண்டை ஓய்ந்த இடமாக இருக்கும். இந்தச் சோதனை எப்போதும் செல்லும் என்று சொல்ல மாட்டேன். இவோ ஜிமாவில் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பீரங்கி சுட்டது, ‘முன்னால்’ என்பதற்கே அங்கே பெரிய அர்த்தம் இல்லை. ஆனாலும் பத்தில் எட்டுக்குப் பொருந்தும்.

எதிரி தெரியாததற்குக் காரணம் ஜப்பானியத் தளபதி குரிபயாஷியின் திட்டம். கரையிலேயே மோதித் தீர்ந்துபோவது, வாளை உருவிக்கொண்டு கும்பலாக ஓடிவருவது இரண்டையும் அவர் தடுத்தார். ஏறக்குறைய 21,000 பேர் நிலத்துக்கு அடியில் இருந்தார்கள், சுரங்கப்பாதைகளின் மொத்த நீளம் 18 கிலோமீட்டர் அளவுக்கு. தீவின் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். மேலே நின்ற அமெரிக்கர்களுக்கே சுடுபவன் கண்ணில் படவில்லை, லென்ஸுக்கு எப்படிப் படுவான்? அதனால்தான் படங்களில் புகை, பாறை இடுக்கு, தீ உமிழும் கருவி, குகை வாய் என்று போகிறது. போட்டோகிராஃபர் யூஜின் ஸ்மித் எடுத்து ‘லைஃப்’ இதழின் 1945 ஏப்ரல் 9 அட்டையில் வந்த படம் இதற்கு நல்ல உதாரணம். குகையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். கற்கள் வானில் சிதறுகின்றன, மரைன்கள் பாறை மறைவில் ஒடுங்கியிருக்கிறார்கள். உள்ளே எத்தனை பேர் என்பதற்குப் படத்தில் எந்தத் தடயமும் கிடையாது. சண்டை முடியும்வரை உயிரோடு பிடிபட்டவர்கள் 216 பேர். இரண்டு பேர் 1949 ஜனவரி வரை ஒளிந்திருந்து சரணடைந்தார்கள்.

இன்னொரு காரணம் கருவி. அன்றைய அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் கேமரா ஸ்பீட் கிராஃபிக். 4x5 அங்குல ஃபிலிம் தாள், துருத்தி, உலோகமும் மரமுமாக இரண்டரைக் கிலோவுக்கு மேல். ஒரு படம் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். ஃபிலிம் ஹோல்டரைப் பின்புறம் செருக வேண்டும். ஒரு ஹோல்டரில் இரண்டே தாள்தான், பக்கத்துக்கு ஒன்று. ஃபிலிமை மூடியிருக்கும் தகட்டை உருவ வேண்டும். ஷட்டரை முடுக்க வேண்டும், தூரத்தை வைக்க வேண்டும், கம்பிச் சட்டம் வழியாகக் குறிபார்த்து அழுத்த வேண்டும். தகட்டைத் திரும்பச் செருகி, ஹோல்டரை உருவிப் புரட்டி, மீண்டும் முதலிலிருந்து. தகட்டை உருவ மறந்தால் படமே இல்லை. ஹோல்டரைப் புரட்ட மறந்தால் ஒரே தாளில் இரண்டு படம் விழும். இந்தத் தொல்லையைக் குறைக்க 12 தாள் அடங்கிய ‘ஃபிலிம் பேக்’ உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காகித நாக்கைப் பிடித்து இழுத்தால் எடுத்த தாள் பின்னால் போய்விடும். வேகம் கூடும், ஆனால் தாள் மெல்லியது. கோணலாக இழுத்தால் மடங்கும், ஓரத்தில் வெளிச்சம் கசியும். இதையெல்லாம் உப்புநீர் தெறிக்க, சாம்பல் துருத்திக்குள் புக, படுத்தபடி செய்ய வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு படம் என்பதே பெரிய காரியம். எடுத்ததைப் பார்க்கவும் முடியாது.

கொடிப் படத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் சொல்வது தவறு, ஆனால் அந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

பிப்ரவரி 23 அன்று சுரிபாச்சி உச்சியில் இரண்டு கொடிகள் ஏறின. முதலாவது காலை பத்தரை மணி வாக்கில். அகலம் 137 செ.மீ., உயரம் 71 செ.மீ. ‘லெதர்நெக்’ என்ற மரைன் இதழின் லூ லௌரி அதைப் படமெடுத்தார். முன்னால் ஒருவர் துப்பாக்கியோடு குனிந்திருக்க, பின்னால் கொடி நிற்கும் படம் உங்கள் தொகுப்பில் இருந்தால் அது லௌரியுடையது, முதல் கொடி. பிறகு ஜப்பானியர்கள் கையெறி குண்டு வீச, லௌரி சரிவில் உருண்டு கேமரா உடைந்தது. ஃபிலிம் தப்பியது. அந்தச் சின்னக் கொடியைத் தன் படைப்பிரிவுக்காகப் பத்திரப்படுத்தப் பட்டாலியன் தளபதி விரும்பினார், கரை முழுக்கத் தெரியும்படி பெரிய கொடியும் வேண்டியிருந்தது. எல்எஸ்டி-779 என்ற கப்பலிலிருந்து 244 x 142 செ.மீ. கொடி வந்தது. பகல் ஒரு மணி வாக்கில் பழையதை இறக்கியபடியே புதியதை ஏற்றினார்கள். ஒன்று இறங்க மற்றது ஏறும் இரண்டையும் ஒரே படத்தில் பாப் கேம்பெல் என்ற போட்டோகிராஃபர் பிடித்திருக்கிறார். கண்காட்சியில் கொடிப் படத்துக்குப் பக்கத்தில் இதை வையுங்கள், பாதி விவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்த ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் ஜோ ரோசந்தால் மலையேறும்போதே, கொடி ஏற்றியாகிவிட்டது என்று இறங்கி வந்த லௌரி சொல்லிவிட்டார். கண்பார்வை மோசம் என்று படையில் சேர்த்துக்கொள்ளப்படாத மனிதர் ரோசந்தால். ஆளும் குள்ளம். கற்களையும் மணல் மூட்டையையும் அடுக்கி மேலே ஏறி நின்றார். பக்கத்தில் மூவி கேமராவோடு பில் ஜெனாஸ்ட். கம்பம் எழும்பத் தொடங்கியது ரோசந்தாலுக்குக் கடைக்கண்ணில்தான் பட்டது. சட்டென்று திரும்பி ஒரே அழுத்து. வேகம் 1/400 வினாடி, லென்ஸ் துளை எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில். கம்பம் ஜப்பானியர்களின் தண்ணீர்க் குழாய், நூறு பவுண்டு எடை என்பார்கள். காற்றில் பெரிய கொடி வேறு. ஆறு பேர் சாய்ந்து தள்ளுவதற்குக் காரணம் இந்த எடைதான், அழகுக்காக யாரும் சாயவில்லை.

ஜெனாஸ்டின் 16 மி.மீ. கலர் ஃபிலிம்தான் சரியான சாட்சி. அதே கோணம், அதே நேரம், இடைவெட்டு இல்லாமல் ஓடுகிறது. யாரும் நின்று காட்டவில்லை. கலர் என்பதால் உண்மையான நிறங்களுக்கும் அதையே நம்பலாம். மார்ச் 4 அன்று ஒரு குகையில் ஜெனாஸ்ட் கொல்லப்பட்டார், உடல் கிடைக்கவில்லை. தன் படம் திரையில் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை.

அப்புறம் எங்கிருந்து வந்தது செட்டப் கதை? கொடி ஏறிய பிறகு, தான் எடுத்தது தேறுமோ தேறாதோ என்று ரோசந்தால் மரைன்களைக் கொடிக்கு அடியில் கூட்டி, துப்பாக்கியும் ஹெல்மெட்டும் உயர்த்தி ஆரவாரம் செய்ய வைத்து ஒரு குழுப்படம் எடுத்தார். ஃபிலிம் இவோ ஜிமாவிலிருந்து குவாம் தீவுக்குப் போய், அங்கே கழுவப்பட்டு, தணிக்கை முடிந்து, ரேடியோ வழியாக அமெரிக்கா சேர்ந்தது. எடுத்த பதினேழரை மணி நேரத்தில் படம் பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிட்டது. பிப்ரவரி 25, ஞாயிறு, முதல் பக்கங்கள் முழுக்க அதுதான். ரோசந்தால் மட்டும் அதைப் பார்க்கவில்லை. குவாமுக்கு அவர் வந்தபோது, ஆட்களை நிற்க வைத்துத்தானே எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். குழுப்படத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஆமாம் என்றார். அது ‘டைம்’ நிறுவனத்தின் வானொலி நிகழ்ச்சி வரை போனது. அவர்கள் பின்னர் திருத்தினார்கள், வதந்தி திருந்தவில்லை. இதற்கு நேர் எதிரான உதாரணம், அதே ஆண்டு மே மாதம் பெர்லினில் யெவ்கேனி கால்டேய் எடுத்த சோவியத் கொடிப் படம். அதற்கு ஆட்களை ஏற்பாடு செய்து நிறுத்தினார்கள், ஒரு வீரர் கையில் தெரிந்த இரண்டாவது கடிகாரத்தைப் பின்னர் அழித்தார்கள். செட்டப் என்றால் அது.

நான் குறை சொல்வதென்றால் வேறு இடத்தில் சொல்வேன். அச்சில் படத்தைச் செங்குத்தாக வெட்டினார்கள். மூலம் அகலமானது, இருபுறமும் வெறும் வானமும் சிதைந்த நிலமும் இருக்கும். வெட்டியதும் அது வெற்றிச் சிலை போல ஆகிவிட்டது. ஆனால் அது சண்டையின் ஐந்தாம் நாள். அதற்குப் பிறகு 31 நாள், மார்ச் 26 வரை, சண்டை நடந்தது. அமெரிக்கத் தரப்பில் ஏறக்குறைய 6,800 பேர் இறந்தார்கள். படத்தில் இருக்கும் ஆறில் மூவரும் அதில் அடக்கம்: ஸ்ட்ராங்கும் பிளாக்கும் மார்ச் 1, சௌஸ்லி மார்ச் 21. படமோ போர்க்கடன் பத்திரம் விற்கப் புறப்பட்டது. இலக்கு 1,400 கோடி டாலர், திரண்டது 2,630 கோடி.

படத்தில் இருப்பவர்களின் பெயர்களும் அவசரத்தில் எழுதியவைதான். முகங்கள் தெரியாத படம், எழுதும்போதே தப்பு. பிளாக்கின் இடத்தில் முதலில் ஹான்சன் என்று போட்டு 1947-இல் திருத்தினார்கள். மருத்துவ உதவியாளர் பிராட்லி என்று 70 ஆண்டு நம்பிய உருவத்தின் இடுப்பில் தோட்டா பெல்ட்டும் கம்பி வெட்டும் குறடும் தொங்குகின்றன. மருத்துவப் பை இல்லை. அதே நாளின் மற்றப் படங்களில் பிராட்லியின் கால்சட்டை நுனி மடித்திருக்கிறது, இதில் மடிப்பு இல்லை. அது சௌஸ்லி என்று ஆனது. சௌஸ்லி என்று நினைத்தவர் ஹெல்மெட்டில் அறுந்து தொங்கிய வாரை வைத்து ஹெரால்ட் ஷுல்ட்ஸ் என்று 2016-இல் அடையாளம் கண்டார்கள். காக்னன் என்று நம்பிய இன்னொரு உருவம் ஹெரால்ட் கெல்லர் என்று 2019-இல் ஆனது, விரலில் இருந்த திருமண மோதிரமும் ஒரு தடயம். மரைன் படையே அறிவித்த திருத்தங்கள் இவை.

எனவே இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கக் குறிப்பை அப்படியே ஒட்டாதீர்கள். படத்தின் கீழ் இப்படி எழுதுங்கள்: சுரிபாச்சி மலை, இவோ ஜிமா, 1945 பிப்ரவரி 23, இரண்டாவது கொடி. படம்: ஜோ ரோசந்தால், ஏபி. இடமிருந்து வலமாக ஐரா ஹேஸ், ஹெரால்ட் ஷுல்ட்ஸ், மைக்கேல் ஸ்ட்ராங்க் (பின்னால், பெரும்பாலும் மறைவில்), ஃபிராங்க்ளின் சௌஸ்லி, ஹெரால்ட் கெல்லர் (பின்னால், மறைவில்), ஹார்லன் பிளாக்.