தண்ணீரில் முக்கினால் உளி இறுகுகிறது, செம்பு ஏன் இளகுகிறது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகிவிடுகிறது. செம்புக் கம்பியை நானும் அப்படியே காய்ச்சி முக்கினேன், முன்பைவிட எளிதாக வளைகிறது! ஏன் இப்படி?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: செய்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம்.

தண்ணீருக்கு இதில் ஒரே வேலைதான், சூட்டைச் சட்டென்று இறக்குவது. மற்றதெல்லாம் உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. உலோகம் வளையும்போது ஒரு அணு வரிசை முழுவதும் ஒரேயடியாக நகர்வதில்லை. பெரிய ஜமக்காளத்தில் ஒரு சுருக்கத்தை மட்டும் தள்ளித் தள்ளி நகர்த்துவோமே, அந்த மாதிரி அடுக்கில் உள்ள ஒரு பிசகு ஊர்ந்து போகிறது. இதை 1934-ல் டெய்லர், ஒரோவான், போலன்யி என்ற மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியாகச் சொன்னார்கள். அந்தப் பிசகு தடையில்லாமல் ஊர்ந்தால் உலோகம் இளக்கம், தடுத்து நிறுத்தினால் கெட்டி.

உளி எஃகில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத அளவில் கார்பன் இருக்கும். 727 டிகிரிக்கு மேலே போனால் இரும்பின் அடுக்கு மாறத் தொடங்குகிறது, கார்பன் அதற்குள் கரைகிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியே வந்து, இளகின இரும்பும், இரும்பும் கார்பனும் சேர்ந்த சிமென்டைட் என்ற கடினமான பொருளும் புத்தகத் தாள் மாதிரி மாறி மாறிப் படியும். சட்டென்று ஆற்றினால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை, உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கையே இழுத்துக் கோணலாக்கிவிடும். இதுதான் மார்ட்டென்சைட். இதில் பிசகு நகர்வது பெரும்பாடு.

ஆனால் அது கண்ணாடி போல உடையும். அதனால்தான் கொல்லர் நுனியை மட்டும் முக்கி எடுத்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்துச் சூடு நுனிக்கு ஏறி அந்த உடையும் குணத்தைக் குறைக்கும்போது நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 300 பக்கத்தில் நீலம். எந்த நிறத்தில் மறுபடி முக்குவது என்பதுதான் அவருடைய கைத்திறமை, தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பிரமிப்புதான்.

சரி, செம்புக்கு வருவோம். 1085 டிகிரியில் உருகும் வரை அதன் அடுக்கு மாறுவதே இல்லை, சிறைப்படக் கார்பனும் கிடையாது. உங்கள் கம்பி முதலில் விறைப்பாக இருந்ததற்குக் காரணம், அச்சில் இழுத்து மெலிதாக்கும்போது உள்ளே பிசகுகள் ஏராளமாகப் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதுதான். காய்ச்சியதும் சிக்கல் இல்லாத புதுப் படிகமணிகள் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய சிறு துணுக்குகள்) முளைத்தன, கம்பி இளகியது. தண்ணீர் இல்லாமல் காற்றில் ஆறவிட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதே கம்பியைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், திரும்ப விறைக்கும்.

அப்புறம், சாதாரண ஆணி ஒன்றையும் காய்ச்சி முக்கிப் பாருங்கள். அதுவும் இரும்புதான், ஆனால் கார்பன் மிகக் குறைவு என்பதால் உளி அளவுக்கு இறுகாது.