முன்பல்லுக்குப் பின்னால் ஒரு கருவட்டம்

கேள்வி: எனக்கு வயது 44. மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் நாலைந்து மாதமாகச் சின்ன வீக்கம். வலி கிடையாது. சில நாள் காலையில் வாய் உப்புக் கரிக்கிறது. எக்ஸ்ரேயில் நடுப்பற்கள் இரண்டின் வேர்களுக்கு நடுவே கருப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. ஒரு டாக்டர் இரண்டு பல்லுக்கும் ரூட் கெனால் போடச் சொல்கிறார். இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே இல்லை.

பதில்: உப்புக் கரிப்பை எழுதினீர்களே, அதுதான் நல்ல துப்பு. உள்ளே தேங்கிய நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அப்படித்தான் இருக்கும்.

கருவில் இருக்கும்போது மூக்கையும் வாயையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று எல்லோருக்கும் உண்டு. பிறப்பதற்குள் அது தூர்ந்துபோகும். அதன் மிச்சம் மீதிச் செல்கள் சிலருக்கு எலும்புக்குள்ளேயே தங்கி, பல வருடம் கழித்து, பெரும்பாலும் 30-லிருந்து 60 வயதுக்குள், நீர்க்கட்டியாக வளர்கின்றன. மூக்கு-அண்ணக் குழாய்க் கட்டி என்போம். பல்லோடு சம்பந்தமில்லாத தாடைக் கட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். எக்ஸ்ரேயில் சில சமயம் சீட்டுக்கட்டு ஆர்ட்டின் மாதிரி தெரியும். மூக்கின் அடியிலுள்ள எலும்பு முனையின் நிழல் அதன் மேல் விழுந்து காட்டும் வேலை அது. அந்த இடத்தில் இயல்பாகவே ஒரு துளை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் வரை இருந்தால், வேறு தொந்தரவு இல்லாத பட்சத்தில், பெரும்பாலும் கவலைப்பட மாட்டோம்.

சரி, ரூட் கெனாலா? பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுள்ளென்று கூசி உடனே அடங்கினால் பல் நலமாக இருக்கிறது, கருவட்டத்துக்கு அது காரணமில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அவசரப்பட்டு இப்படி ஒரு பல்லைத் துளைத்தேன். உள்ளே செக்கச்செவேலென்று உயிருள்ள சதை! கட்டி அப்படியே இருந்தது. இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எப்போதோ அடிபட்டு நிறம் மாறிய பல், கூச்சமே தெரியாத பல் என்றால் கதை வேறு. வேர் நுனிச் சீழ்க்கட்டியும் எக்ஸ்ரேயில் இதே போலத் தோன்றும்.

பல் நலம், வட்டம் பெரிது என்றால் ஆபரேஷன்தான். சிறிய கட்டிக்கு மரப்பு ஊசி போதும். பற்களின் உள்பக்கம், ஈறு ஓரமாகக் கீறி, அண்ணத் தோலைப் புத்தக அட்டை போலப் பின்னுக்குத் திருப்புவோம். கட்டியை உறையோடு முழுசாகத் தோண்டி எடுத்துவிட்டு, தோலைத் திரும்பப் படியவைத்துத் தையல். மிகப் பெரிய கட்டியானால், முதலில் ஒரு வாசல் திறந்துவிட்டு, அது சுருங்கிய பிறகு எடுப்பதும் உண்டு. குழி எலும்பால் நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். முழுசாக எடுத்த கட்டி திரும்பி வருவது அபூர்வம்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. அந்தத் துளை வழியாகத்தான் முன் அண்ணத்துக்கு நரம்பு வருகிறது. கட்டியோடு அதுவும் பெரும்பாலும் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் காசு அகலத்துக்கு மரத்த மாதிரி இருக்கும். பலருக்கு நாளடைவில் அது நினைவிலேயே இருப்பதில்லை.

இந்தக் கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ஆனாலும் எடுத்ததைக் குப்பையில் போட விடாதீர்கள். திசுப் பரிசோதனைக்கு அனுப்பி, அந்த அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தையல் இருக்கும் நாட்களில் நாக்கு நுனியை மட்டும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அது அங்கேயேதான் போய்த் துழாவும்.