பாரிஸில் 3 இரவு, டெனெரிஃபில் 5 இரவு: விசாவை யாரிடம் கேட்பது?

கேள்வி: இந்திய பாஸ்போர்ட்டில் வந்து பர்மிங்ஹாமில் எம்.எஸ்சி. படிக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ் போய் 3 இரவும், அங்கிருந்து விமானத்தில் டெனெரிஃப் தீவுக்குப் போய் 5 இரவும் தங்க நினைக்கிறேன். முதலில் இறங்கும் நாடான பிரான்ஸிடம்தான் விசா கேட்க வேண்டும் என்கிறான் அறை நண்பன். ஏஜென்ட் ஒருவரோ, 150 பவுண்டு கொடுத்தால் மால்டாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன், எந்த ஷெங்கன் விசாவிலும் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எங்கேயும் போகலாம் என்கிறார். டெனெரிஃப் ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிறதே, அங்கே ஷெங்கன் விசா செல்லுமா?

பதில்: ஸ்பெயினிடம் கேளுங்கள். சுற்றுலா என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். டெனெரிஃப் ஸ்பெயினைச் சேர்ந்தது. நண்பர் சொல்லும் ‘முதலில் இறங்கும் நாடு’ விதி, தங்கும் நாட்கள் சமமாக வந்தால்தான். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. ஒரு நாடு கொடுத்த ஷெங்கன் விசாவில் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் போகலாம். ஆனால் அவர் சொல்லாத பாதிதான் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். நீங்கள் லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலில் போவதால் பிரெஞ்சு எல்லைச் சோதனை பாரிஸில் நடக்காது, லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே நடக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர் மால்டா விசாவைப் பார்ப்பார். “மால்டாவுக்கு எப்போது போகிறீர்கள்?” என்பார். உங்கள் கையில் இருப்பது பாரிஸ் ஓட்டலும் டெனெரிஃப் டிக்கெட்டும். அங்கேயே விசாவை ரத்து செய்து உங்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அப்போது ஏஜென்ட்டுக்கு போன் போட்டுப் பாருங்கள், எடுக்கமாட்டார்.

அதற்கு முன்பே இன்னொரு குழி இருக்கிறது. மால்டா விசா வேண்டுமென்றால் மால்டாவில் தங்குவதாகக் காகிதம் காட்ட வேண்டும். “டம்மி புக்கிங் போட்டுத் தருகிறேன், விசா வந்ததும் கேன்சல் பண்ணிடலாம்” என்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். பொய்க் காகிதம் என்று பிடிபட்டால் விசா மறுக்கப்படும். அந்த மறுப்பு, கைரேகையோடு சேர்ந்து, ஷெங்கன் நாடுகள் எல்லாம் பார்க்கும் விசா கணினியில் 5 ஆண்டு வரை கிடக்கும். நாளை ஜெர்மனியில் வேலை கிடைத்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவர் அல்ல.

ஏஜென்ட்டுகளை மட்டும் திட்டி என்ன பயன்? அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் திறந்த சில நிமிடங்களில் காலியாகிறது, அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் விலைக்கு வருகிறது. யார் எப்படி அள்ளுகிறார்கள் என்று விசா மையங்களுக்குத் தெரியாதா? கேட்டால், தினமும் இணையதளத்தைப் பாருங்கள் என்ற ஒரே பதில். வேறு வழியில்லை, நீங்களும் பாருங்கள், காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். ஆகவே டிசம்பர் பயணத்துக்கு அக்டோபருக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

இனி டெனெரிஃப். வரைபடத்தில் மொராக்கோவுக்குப் பக்கத்தில் கிடந்தாலும், அது சேர்ந்த கேனரித் தீவுகள் ஷெங்கனுக்குள்தான், தனி விசா வேண்டாம். ஆனால் எல்லாத் தீவும் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன், காரணம் உண்டு. நம்மவர்கள் ஆசைப்படும் இன்னொரு தீவு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர், இன்றும் அங்கே கோயில் உண்டு, தீமிதி உண்டு. 1946 முதல் அது பிரான்ஸின் மாவட்டம், செலாவணி யூரோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் இருக்கிறது. ஆனால் ஷெங்கனில் இல்லை. பாரிஸிலிருந்து உள்நாட்டு விமானம் மாதிரி டிக்கெட் விற்பார்கள், நம்பி வாங்கிய ஒரு மாணவி என்னிடம் அழுதுகொண்டே வந்தார். சுற்றுலாவுக்கு வாங்கும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே போதாது, விண்ணப்பிக்கும்போதே தனியாகக் கேட்க வேண்டும். கரீபியன் கடலில் பிரான்ஸுக்கு இருக்கும் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் இதே கதை. பிரான்ஸ் என்று எழுதியிருந்தால் பிரான்ஸ் விசா போதும் என்று நினைப்பது தப்பா? அவ்வளவு பெரிய ஐரோப்பா, இதை டிக்கெட்டில் ஒரு வரி அச்சிடக்கூடாதா?

காகிதங்களில் பெரும்பாலானவை உங்களிடமே இருக்கும்: பல்கலைக்கழகக் கடிதம், ஓட்டல், பயண டிக்கெட், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. சிக்குவது வங்கிக் கணக்கில்தான். ஒரு நாளுக்குத் தன் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தில் 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஸ்பெயினின் கணக்கு. 2025இல் அது 118 யூரோவும் சொச்சமும், 9 நாளுக்கு ஏறத்தாழ 1,066. இதற்குப் பயந்து அப்பாவிடம் சொல்லி முந்தின வாரம் மொத்தமாக 3 லட்சம் போடச் சொல்லாதீர்கள். திடீர்ப் பணம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். போட்டே ஆக வேண்டுமென்றால் அப்பாவின் கடிதமும் அவர் வங்கிக் கணக்கும் சேர்ந்து போகட்டும்.

நீங்கள் சொன்ன 3 இரவும் 5 இரவும் சேர்ந்தால் 8 இரவு, ஆனால் அது 9 நாள். போகும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேரும். விசா கைக்கு வந்ததும் தேதிகளை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், எத்தனை நாள் தங்கலாம் என்ற கட்டத்தையும் பாருங்கள். அதில் 9 என்று இருந்து, டெனெரிஃபிலிருந்து உங்கள் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால், அது 10ஆவது நாள்.