பாசிட்டிவ் என்றால் நோய் உறுதியா?

கேள்வி: எந்த அறிகுறியும் இல்லாத என் தம்பி முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது, அரிய நோய் ஒன்றுக்கு ‘பாசிட்டிவ்’ என்று முடிவு வந்தது. சோதனை 95 சதவீதம் துல்லியமானதாம். அவனுக்கு நோய் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்றுதானே பொருள்? வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை.

பதில்: அப்படிப் பொருள் இல்லை. சதவீதத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, தலைகளை எண்ணிப் பார்ப்போம். அந்த நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாகவும், நோயாளி எவரையும் சோதனை தவறவிடாது என்றும், ஆனால் நோயற்றவர்களில் 5 சதவீதத்தினருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயுள்ள ஒருவருக்குப் பாசிட்டிவ் வரும். நோயற்ற 999 பேரிலும் ஏறத்தாழ 50 பேருக்கு அதே முடிவு வரும். ஆக, பாசிட்டிவ் வந்த 51 பேரில் உண்மையான நோயாளி ஒருவர்தான். அதாவது சுமார் 2 சதவீதம்.

நோயுள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரும் என்பது ஒரு கேள்வி. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. தென்னை மரங்களெல்லாம் உயரமானவை என்பதால் உயரமான மரங்களெல்லாம் தென்னை ஆகிவிடுவதில்லை அல்லவா? இந்த இரண்டாவது வகைக் கேள்விக்கு வழிகாட்டிய தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கட்டுரை, அவர் மறைந்த பிறகு 1763இல் வெளிவந்தது.

இதைக் காரணமாக வைத்து முடிவைப் புறக்கணித்துவிடாதீர்கள். ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு ஐம்பதில் ஒன்றாக உயர்ந்திருக்கிறது என்பதால், மருத்துவர் பரிந்துரைக்கும் வேறு வகைச் சோதனையை அவசியம் செய்துகொள்ள வேண்டும். அறிகுறிகளோடு வருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அத்தகையவர்களிடையே நோயுள்ளோர் விகிதம் தொடக்கத்திலேயே கூடுதலாக இருக்கும்.

கேள்வி: எனக்கு மூன்று பெண் குழந்தைகள். நான்காவது நிச்சயம் ஆண்தான் என்கிறார் மாமியார். கணிதம் இதை ஏற்குமா?

பதில்: ஏற்காது. இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறப்பதால், ஆண் பிறக்கும் வாய்ப்பு பாதியைவிடச் சற்றே கூடுதல். முந்தைய மூன்று பிறப்புகளுக்காக அது ஏறிவிடுவதில்லை. நான்கும் பெண்ணாக அமைவது ஏறத்தாழ பதினாறில் ஒரு வாய்ப்பு என்பது முதல் குழந்தைக்கு முன்னர் போடும் கணக்கு. தாம் தந்தையாகவிருக்கும் மாதத்தில் பிறருக்கு ஆண் குழந்தைகள் பல பிறந்துவிட்டால் தமக்கு மகன் பிறக்க மாட்டான் என்று கலங்கிய தந்தையரைப் பற்றி, பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இலேயே எழுதியிருக்கிறார். குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு என்பதையும் உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெண் பிறந்ததற்காகத் தாயைக் குறைசொல்வதில் துளியும் நியாயமில்லை.

கேள்வி: 40 மாணவர்கள் உள்ள என் வகுப்பில் இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருகிறது. இது அபூர்வமா?

பதில்: இல்லை, ஆசிரியரே. 40 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 780 இணைகள் கிடைப்பதால், அவற்றில் ஒன்றாவது பொருந்துவதற்கான வாய்ப்பு சுமார் 89 சதவீதம். ஆனால், குறிப்பிட்ட ஒரு மாணவரின் பிறந்தநாளிலேயே பிறந்த இன்னொருவர் அவ்வகுப்பில் இருக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் மட்டுமே.