மாடியிலிருந்து குதித்தவர் பிழைத்தது எப்படி? (வாசகர் கேள்வி பதில்)

பி.பி.சி.யின் ‘ஷெர்லாக்’ தொடரில் 2012 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பான ‘தி ரைக்கன்பாக் ஃபால்’ அத்தியாயம் பற்றிச் செட்டிநாட்டு வாசகர் மூவர் எழுதியிருக்கிறார்கள். லண்டன் பார்த்தலோமியூ மருத்துவமனை மாடியிலிருந்து துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் குதிப்பதை நண்பர் ஜான் வாட்சன் தெருவில் நின்று பார்க்கிறார். ஆனால் கடைசிக் காட்சியில், கல்லறைத் தோட்டத்தில் ஷெர்லாக் உயிரோடு நிற்கிறார்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகி): எங்கள் வீட்டுத் தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் கடந்து பின்வாசல் வரை தெரியும். பட்டப்பகலில், திறந்த தெருவில், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஜானை எப்படி ஏமாற்ற முடிந்தது?

பதில்: விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அம்மா. நிலைவாசல்கள் எல்லாம் நேர்கோட்டில் இருப்பதால்தான் பின்வாசல் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. வளவுத் தூணுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பூத்தொடுத்தால், அதே தலைவாசலில் நிற்கும் உங்களுக்கு அவருடைய சேலைத் தலைப்புகூடத் தெரியாது. தொலைபேசி உரையாடலை மீண்டும் ஒருமுறை கேளுங்கள். மருத்துவமனையை நோக்கி நடந்துவரும் ஜானை, வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி, ஓரிடத்தில் நிறுத்தி, தன்னைவிட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம் என்று ஷெர்லாக் மன்றாடுகிறார். முதல்முறை பார்த்தபோது அதை விடைபெறும் நண்பனின் தவிப்பு என்றே எண்ணிக் கலங்கினேன். ஆனால் அந்த இடத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தாழ்வான கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மாடி தெரியும், தரை தெரியாது. ஓடி வரும் வழியில் மிதிவண்டிக்காரர் ஒருவர் ஜானை இடித்துத் தள்ளுவது இன்னும் சில நொடிகளை வாங்கிக் கொடுக்கிறது. எதையும் மறைக்காமல் நம் கண்முன்னே வைத்துவிட்டே புதிர் போட்ட அந்த நேர்மைக்காகவே இந்த அத்தியாயத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): ஜான் ஒரு மருத்துவர். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தும் நாடி தட்டுப்படவில்லையே?

பதில்: முன்னதாக ஆய்வகத்தில் ஷெர்லாக் ஒரு ரப்பர் பந்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருப்பார். அக்குளில் பந்தை வைத்து இறுக்கினால் கைக்குச் செல்லும் தமனி அழுந்தி, மணிக்கட்டில் துடிப்பு அடங்கிவிடும். கழுத்தைத் தொட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அதற்குள் சுற்றியிருந்தவர்கள் ஜானை விலக்கிவிட்டார்கள்.

கேள்வி (காரைக்குடி கல்லூரி மாணவி): 2014 ஜனவரி 1 அன்று வந்த ‘தி எம்ப்டி ஹெர்ஸ்’ அத்தியாயத்தில் சொன்ன விளக்கத்தை நம்பலாமா? என் தோழிகள் நம்பவில்லை.

பதில்: அதில் மூன்று விளக்கங்கள் வருகின்றன. முதலிரண்டும் ரசிகர்களின் கற்பனையாகவே காட்டப்படுகின்றன. மூன்றாவதை, கட்டடத்தின் மறைவில் காற்றுப்பை விரித்து அதில் விழுந்ததாக, ஷெர்லாக்கே தடயவியல் நிபுணர் ஆண்டர்சனிடம் சொல்கிறார். ஜான் அதே இடத்தில் நிற்பார் என்று எப்படி உறுதியாக இருந்தீர்கள், இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று ஆண்டர்சன் கேட்டுத் திரும்பும்போது ஷெர்லாக் அங்கே இல்லை. உன் தோழிகளின் ஐயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆயினும் ஜானை நிறுத்திய இடம், மிதிவண்டி, பந்து ஆகிய மூன்றும் இந்த விளக்கத்தில் மட்டுமே ஒன்றாகப் பொருந்துவதால், நான் இதையே நம்புகிறேன். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1893இல் எழுதிய மூலக்கதையில், ஹோம்ஸ் ரைக்கன்பாக் அருவியில் விழுந்து இறந்ததாக வாட்சன் நம்புகிறார்; ஆனால் எதையும் அவர் நேரில் பார்க்கவில்லை. அருவி விளிம்பு வரை சென்று திரும்பாத காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும்தான் கண்டார். அதனால் 1903இல் ஹோம்ஸைத் திரும்ப அழைத்துவந்தபோது, அவர் அருவியில் விழவே இல்லை என்று டாயிலால் எளிதாகச் சொல்ல முடிந்தது. தொடரை எழுதியவர்களோ நண்பனைக் கண்ணெதிரே பார்க்கவைத்து அந்த எளிய வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். காற்றுப்பை வரை அவர்கள் போக நேர்ந்தது அதனால்தான்.