நாய்க்குச் செலவு, யாருக்கு வரவு?

போன மாதம் இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதியில் செல்லப்பிராணி இன்சூரன்ஸ் பற்றி இரண்டு வரி எழுதப்போய், நாய் வளர்ப்பவர்களின் கடிதங்களாக வந்து குவிந்துவிட்டன. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கேள்வியே இல்லாமல் நாயின் போட்டோ மட்டும் அனுப்பியவர்களுக்கும் நன்றி, எல்லாவற்றையும் பார்த்தேன்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து 18,000 ரூபாய்க்கு லேப்ரடார் குட்டி வாங்கினோம். ஐம்பது நாள் குட்டி, இரண்டு ஊசி போட்டாச்சு என்று சொல்லி தடுப்பூசிப் புத்தகமும் கொடுத்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே வாந்தி, ரத்தபேதி. பார்வோ வைரஸ் நோய் என்றார் டாக்டர். ட்ரிப் ஏற்றிப் பார்த்தும் போய்விட்டது. மகள் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. விற்றவரோ, 'கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற பழக்கம் இல்லை, நீங்கள்தான் எதையோ தின்னக் கொடுத்திருப்பீர்கள்' என்கிறார். பில் கிடையாது. (மதுரை)

பதில்: முதலில் இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அவள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. பார்வோ கிருமி உடம்புக்குள் போனபின் நோய் வெளியே தெரிய குறைந்தது மூன்று நாளாவது ஆகும், பெரும்பாலும் ஐந்து, ஏழு நாள். மறுநாளே வாந்தி என்றால் குட்டி அந்த ஆள் வீட்டிலிருந்தே நோயோடுதான் வந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த பாலோ சோறோ காரணம் இல்லை.

இப்போது அந்த ஆளுக்கு வருவோம். ஐம்பது நாள் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். எட்டு வாரம், அதாவது 56 நாள் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி போடவைத்து விற்பதும் கூடாது. அப்புறம் அந்த இரண்டு ஊசி. முதல் ஊசி வழக்கமாக ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், அடுத்தது அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பதாவது நாளில் இரண்டு ஊசி எங்கே வரும்? அந்தப் புத்தகத்தை எடுத்து, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா, அதில் பேட்ச் எண் இருக்கிறதா, கையெழுத்துப் போட்ட டாக்டரின் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பேனாவில் தேதி எழுதிக் கிறுக்கியிருந்தால் அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி, பத்திரமாக வையுங்கள்.

பில் இல்லையே என்று தளர வேண்டாம். யுபிஐ-யில் பணம் போன பதிவு, வாட்ஸப் பேச்சு, அவருடைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (இன்றைக்கே எடுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்), பார்வோ பரிசோதனை முடிவு, சிகிச்சை ரசீதுகள் போதும். பில் கொடுக்காததே 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். குட்டி விலை, மருத்துவச் செலவு, மன உளைச்சல் மூன்றையும் சேர்த்துக் கேட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர் வருடம் முழுக்க குட்டி விற்கிறவர் என்பதைக் காட்ட அவருடைய பழைய பதிவுகளே போதும்; ஏதோ வீட்டு நாய் ஒருமுறை குட்டி போட்டது என்று தப்பிக்கப் பார்ப்பார்.

இன்னொன்று. பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து தரையைத் துடையுங்கள். அடுத்த நாய் வந்தால், ஊசிகள் எல்லாம் முடிந்த நாயாக வரட்டும்.

கேள்வி: நாய்க்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா? (சேலம்)

பதில்: கூடாது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் அதைவிடக் கூடாது. எனக்குக் கடிதம் எழுதின நேரத்தில் டாக்டரிடம் போயிருக்கலாம்.

கேள்வி: எங்கள் டைகருக்கு உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட் குறைந்துவிட்டது என்று கடைக்காரர் பப்பாளி இலை சிரப்பும், உண்ணி அண்டாத கழுத்துப் பட்டையும் கொடுத்தார், 2,300 ரூபாய். டாக்டர் கொடுத்த மாத்திரையை, பத்து நாளில் நன்றாகிவிட்டதால் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடியும் சோர்வு. சிரப் கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா? (வேலூர்)

பதில்: சிரப் கம்பெனியை விடுங்கள், மாத்திரையை நிறுத்தியது யார்? எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். நாய் நான்கைந்து நாளில் எழுந்து வாலாட்டும், நாமும் தேறிவிட்டது என்று நினைப்போம், கிருமி உள்ளேயே இருக்கும். பிளேட்லெட் குறையக் காரணம் அந்தக் கிருமிதான், அதைக் கொல்லாமல் எத்தனை பாட்டில் ஊற்றி என்ன? நாளைக்கே போய் ரத்தம் எடுங்கள். உண்ணியால் பரவும் இன்னொரு நோயான பபேசியாவும் சேர்ந்திருந்தால் அதற்கு மருந்தே வேறு.

பட்டை விஷயம். நல்ல மருந்துப் பட்டைகள் உண்டு, அவற்றுக்கு இணையாகப் போலிகளும் உண்டு. மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண் இல்லாமல் 'இயற்கை மூலிகை' என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் பட்டை. மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கிற உண்ணி மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த நாயாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதோடு சுவரையும் பாருங்கள். நம் ஊர் பழுப்பு உண்ணி நாய் மேல் இருப்பதைவிட வீட்டு விரிசலிலும் கதவு இடுக்கிலும் இருக்கிற நேரம்தான் அதிகம், முட்டையும் ஆயிரக்கணக்கில் அங்கேதான். நாயை மட்டும் குளிப்பாட்டி உண்ணியை ஒழித்தவர் யாரும் இல்லை. அல்ட்ராசோனிக் ஒலியில் உண்ணியை ஓட்டும் ஒரு கருவியை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். அது எங்கள் வரவேற்பறை ப்ளக் பாயிண்டில் இப்போது இரவு விளக்காக வேலை பார்க்கிறது, உண்ணிகள் அந்த வெளிச்சத்தில் சௌகரியமாக ஏறி இறங்குகின்றன.

கேள்வி: எட்டு வயது லேப்ரடார், 44 கிலோ. எழுந்திருக்கவே கஷ்டப்படுகிறான். மூட்டுக்கு குளுக்கோசமைன் மாத்திரை மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு வருடமாகக் கொடுக்கிறோம். வேறு நல்ல பிராண்ட் சொல்லுங்கள். (கோயம்புத்தூர்)

பதில்: சொல்ல மாட்டேன். இந்த மூட்டு மாத்திரை வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன்.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'தீவனச் சேர்க்கை, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்கிற மாதிரி பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கம் துள்ளி ஓடுகிற நாய், பின்பக்கம் கைகழுவல். மருந்து என்றால் வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும், தீவனம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. நாய்களின் மூட்டு வலிக்கு குளுக்கோசமைன் கொடுத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குப் பலன் என்று சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. மீன் எண்ணெய் ஒமேகா-3 பரவாயில்லை, அதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் பதில் ஏற்கெனவே இருக்கிறது, 44 கிலோ. ஆண் லேப்ரடார் முப்பது, முப்பத்தைந்து கிலோவைச் சுற்றி இருக்க வேண்டிய உருப்படி. அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2002-ல் வெளியானது. 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு குறைத்துச் சாப்பாடு போட்டு, சாகும்வரை பார்த்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலிக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். இதில் வேடிக்கை, அதை நடத்தியது நாய்த் தீனி விற்கிற கம்பெனி. குறைவாகப் போடுங்கள் என்று தீனிக்காரனே ஒப்புக்கொண்ட பிறகும் நாம் தட்டை நிரப்பிவிட்டு, அதற்கு மேல் மாத்திரையும் போடுகிறோம்.

மூட்டு மாத்திரைக்குக் கொடுத்த காசு வருடத்துக்கு 21,600. எக்ஸ்ரே எடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. பாட்டில் வாங்க யோசிக்காத கை பரிசோதனைக்கு மட்டும் நடுங்குகிறது, எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதே கதைதான். தனியார் கிளினிக்கில் கட்டுப்படியாகாது என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, உங்களுக்குப் பக்கத்தில் உடுமலைப்பேட்டை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் உங்கள் தலையில் டப்பா கட்டுகிற கடை அங்கே கிடையாது. உண்மையான வலி மருந்து இருக்கிறது. ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் எழுதித் தருவார். வீட்டில் வழுக்குகிற டைல்ஸ் மேல் கயிற்றுப் பாயோ ரப்பர் பாயோ விரியுங்கள், நகத்தை வெட்டுங்கள், சாப்பாட்டைக் கையால் அள்ளாமல் எடை போட்டு வையுங்கள். மாலை பஜ்ஜியில் பங்கு கொடுப்பது யார் என்று வீட்டில் விசாரியுங்கள்.

கேள்வி: பதினொரு வயது பொமரேனியனுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போட்டு நன்றாக இருந்தாள். போன மாதம் மருந்துக்கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு இல்லையென்று ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள், எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். அதிலிருந்து சர்க்கரை இறங்கவே இல்லை. இன்சுலின் போலியா? (திருச்சி)

பதில்: இன்சுலினைச் சந்தேகப்படும் முன் சிரிஞ்சைப் பாருங்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கிற குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுதான் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கு. உங்கள் குப்பி 40 என்றால், ஆரஞ்சு சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுக்கும்போது உள்ளே வருவது 4 யூனிட்தான். பாதிக்கும் குறைவு. இதுவே மாறிப்போய், 100 குப்பியைச் சிவப்பு சிரிஞ்சில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு போய், வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாம். 'எல்லாம் ஒன்றுதான்' என்ற அந்தக் கடைக்காரர் மேல் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள், ரசீதும் சிரிஞ்சு உறையும் சேர்த்து. நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் சொல்கிறபடி சிவப்புக்குத் திரும்புங்கள். சிவப்பு சிரிஞ்சு ஒரு பெட்டி எப்போதும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: வீடியோ காலில் பார்த்து பக் குட்டி வாங்கினோம், 25,000. இப்போது வெயிலில் மூச்சு வாங்குகிறது, குறட்டை விடுகிறது. நல்ல கூலிங் மேட் எது? (சென்னை)

பதில்: நேரில் பார்க்காமல், தாய் நாயைப் பார்க்காமல், மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்காமல் வாங்கிவிட்டு மேட் எது என்கிறீர்கள். பக் நாயின் குறட்டை அழகு இல்லை, மூக்குத் துளை குறுகியும் அண்ணம் நீண்டும் இருப்பதால் காற்று போகாமல் வருகிற சத்தம். அது சிரமப்படுகிற அளவு இருந்தால் ஆபரேஷன் உண்டு, டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள், நடை வெயில் ஏறும் முன்பும் நன்றாக இருட்டிய பின்பும் மட்டும், எடை ஏறவே கூடாது. மேட்டுக்குப் பதில் ஃபேனுக்கடியில் ஈரத் துணி.

கேள்வி: இடுப்பு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கேட்டால், 'முன்பே இருந்த நோய்' என்று மறுத்துவிட்டார்கள். போனில்தான் சொன்னார்கள். (ஈரோடு)

பதில்: போனில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாலிசி எடுப்பதற்கு முன்னால் எந்த டாக்டராவது சீட்டில் 'நொண்டுகிறது' என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். இருந்தால் கஷ்டம், இல்லையென்றால் உங்கள் பக்கம் பலம். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், செலவில்லை.

கேள்வி: பதிமூன்று வயது கோம்பை நாய்க்குச் சிறுநீரகம் பழுது. 'சிறுநீரகத்தைப் புதுப்பிக்கும்' என்று ஆன்லைனில் சொட்டு மருந்து, மூன்று பாட்டில் 9,000 ரூபாய். ஒன்றும் ஆகவில்லை. ஏமாந்துவிட்டேனா? (தேனி)

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பதிமூன்று வருடம் கூட இருந்த நாய் சாப்பிடாமல் படுத்திருக்கும்போது வருகிற விளம்பரம் அது, அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறித் தெரிகிறபோதே சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்கும், போனது திரும்பி வளராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் வழி: பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரகச் சாப்பாடு, ரத்த அழுத்தம் பார்ப்பது, எந்நேரமும் தண்ணீர், தேவைப்பட்டால் தோலுக்கடியில் சலைன். அதை வீட்டிலேயே ஏற்ற டாக்டரிடம் கற்றுக்கொள்ளலாம், பாட்டில் விலை அதிகமில்லை. விளம்பரத்தின் படத்தோடு 1915-ல் புகார் கொடுங்கள்; பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் வரை அபராதம் போட முடியும்.

கேள்வி: கருப்பை ஆபரேஷன் முடிந்த நாய்க்கு ஆன்லைனில் வாங்கிய கழுத்துக் கூம்பு ஒரே நாளில் உடைந்தது. தையலை நக்குகிறாள். (தஞ்சாவூர்)

பதில்: ரிட்டர்ன் போடுங்கள், உடைந்த படத்தோடு, இன்றைக்கே. அதுவரை பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி மாட்டிவிடுங்கள். மூக்கு நுனியைத் தாண்டி மூன்று விரல் நீளம் இருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தையல் பிரிந்திருந்தால் வாளியெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள்.